எத்தனை போத்தல்

கோண்டாவில் ரயில் கடவைக்கு முன்னால், விடியப்புறம்,
என் வலக்கால் ஒன்றும் இல்லாத இடத்துக்குள் இறங்கியது.
கதிரை இருக்கும் என்று நம்பி
இருட்டில் குந்தினவன் மாதிரி.

பெடல் தரையைத் தொட்டுவிட்டது.
மூன்றாம் கியர், இரண்டாம் கியர், ஹேண்ட் பிறேக்,
பின்னால் பதினெட்டுப் பெட்டி சூடையும் ஐசும்
என் முதுகைத் தள்ளத் தள்ள
கடவைக் கட்டைக்கு ஒரு முழம் முன்னே
பிக்கப் நின்றது.
தெருநாய் எழும்பிப் பார்த்தது.
திரும்பவும் படுத்தது.
ரயில் ஆறுதலாகப் போனது.

ஏற்றமில்லை, இறக்கமில்லை,
தட்டில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடக்கிற ஊர்,
இங்கே ஆருக்கடா பிறேக் என்று
மச்சான் பகிடி விடுவான்.
அன்றைக்குப் பிறகு அந்தப் பகிடியை நான் கேட்கவில்லை.

ஆறுகால்மடத்தில் குகநேசனின் வளவு.
எண்பத்தாறாம் ஆண்டு ஹைலக்ஸைச் சுற்றி வந்து
ஒரே ஒரு கேள்வி கேட்டான்.
“பிறேக் ஒயில் எத்தனை தரம் ஊத்தினனீ?”
“ஒருக்கா.”

ஒருக்கா என்றால் தேய்மானம்.
முன் சில்லு இரண்டையும் கழற்றினான்.
பாட் இன்னும் பாதி இருந்தது.
பின் டிரம்மைச் சுத்தியலால் தட்டி இறக்கினான்.
காய்ந்த தூசி, ஒரு சிலந்தி. ஈரம் இல்லை.
காற்றாக இருக்கலாம் என்று
என்னைப் பெடலில் இருத்திவிட்டு
கீழே படுத்துக் குரல் கொடுத்தான்:
அமத்து. பிடி. விடு. அமத்து.
இரண்டு தரம் கெதியாய் மிதித்தால் பெடல் எழும்பும்.
அப்படியே பிடித்திருந்தால்
நித்திரைக்குப் போகிற பிள்ளையின் தலை மாதிரி
மெல்ல மெல்லச் சாயும்.

இரவு நாலு சில்லுக்கும் கீழே
பழைய பேப்பர் விரித்துவிட்டுப் போனான்.
காலையில் பேப்பரில்
ஒரு பூனையின் கால் அடையாளம் மட்டும்.
“ஒயில் ஆவியாப் போகாது, தெரியுமோ,” என்றான்
என்னைப் பாராமல்.

பிறகு ஜக்கின் கம்பியைத் தேடி
சீற்றுக்குக் கீழே கையை விட்டான்.
ஒரு வெறும் போத்தல் வந்தது.
இன்னொன்று.
ஐந்து வெறுமையும் ஒரு அரையும்.
பொனற்றின் மேல் வரிசையாக வைத்தான்.
திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

ஒன்பது கிழமை.
லீசிங் காசு கட்டுகிற நாளுக்கு நாள் பார்த்து,
மீன் இறக்கின பிறகு, ஆளில்லாத நேரம்
மூடியைத் திறந்து ஊற்றி, சாரத்தால் துடைத்து.
“என்ன மணம் இது?” என்று மெற்றில்டா கேட்க
“தின்னர்” என்று சொல்லி.

இப்போது அவன் சில்லுப் பக்கமே போகவில்லை.
நேராக மாஸ்ரர் சிலிண்டருக்குப் போனான்.
இரண்டு நட். முன்னுக்கு இழுத்தான்.
பின்புறம் நனைந்திருந்தது.
அதன் கீழே பெயின்ற்
சூடு பட்ட தோல் போலக் கொப்பளித்திருந்தது.
பூஸ்டர், அந்தக் கறுத்த சட்டி,
நான் ஊற்றினதையெல்லாம் வயிற்றுக்குள் வாங்கி
வெளியில் ஒரு சொட்டும் காட்டாமல் இருந்திருக்கிறது.

ஊசியில் ரப்பர் குழாய் மாட்டி உறிஞ்சி
சாயத் தேத்தண்ணி நிறத்தில் வந்ததை
என் போத்தல்களிலேயே திரும்ப ஊற்றினான்.
ஒன்று நிரம்பியது. இரண்டு நிரம்பியது.
மூன்றாவதில் பாதி வரும்போது
நான் எழும்பி வெளியில் போய் நின்றேன்.

பின்னேரம் துண்டில் கணக்கு எழுதித் தந்தான்.
சிலிண்டர் கிட், இவ்வளவு.
ஒயில், இவ்வளவு.
கூலி, இவ்வளவு.
அதற்குக் கீழே, அதே கையெழுத்தில்:
“ஒருக்கா” — ஒரு நாள் கூலி.

அதை முதலில் கொடுத்தேன்.

இன்றைக்கும் கடவை பூட்டியிருந்தது.
பெடல் அரைவாசியில் கல்லுப் போல நின்றது.
நல்ல பிறேக்.
கால்தான் நம்பவில்லை,
இன்னும் இரண்டு தரம் மிதிக்கிறது.